ஃபவுண்டேஷன் இயரோடு குவாண்டிட்டி சர்வேயிங்: நான்கு வருடம் போடலாமா?

ஹாரோ_பிள்ளை எழுதியது:

வணக்கம். எனக்கு 19 வயது, லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ லெவலுக்கு பயோலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ் எடுத்தேன். யாருடைய ஆசைக்கு எடுத்தேன் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேத்ஸில் சி வந்தது, மற்ற இரண்டிலும் டியும் ஈயும். கம்பஸ் விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் கணக்கில் 72 புள்ளி. அதற்கு முந்தைய ஜிசிஎஸ்இ பரீட்சையில் மேத்ஸ் 6, இங்கிலீஷ் 5.

போன வருடம் மாமா வீட்டில் லாஃப்ட் கட்டுவதற்கு இரண்டு பில்டர்களிடம் விலை கேட்டார்கள். இருவருக்கும் 11,000 பவுண்ட் வித்தியாசம். குறைவாகச் சொன்னவருக்கே கொடுப்பதாக இருந்தது. நான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். குறைந்த விலைக்காரர் வாட் சேர்க்கவில்லை. சாரம் கட்டும் செலவு எங்கேயும் இல்லை. ஸ்டீல் பீமுக்கு ‘பிறகு பேசிக்கொள்வோம்’ என்று ஒரு வரி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவர்தான் விலை கூட. மாமாவின் கூட்டாளி ஒருவர், “இதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் பிள்ளை” என்றார். கட்டட வேலையை அளந்து செலவைக் கணக்கிடும் குவாண்டிட்டி சர்வேயிங் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

நான் பார்த்த மூன்று வருடக் கோர்ஸ்கள் நூறு புள்ளிக்கு மேல் கேட்கின்றன. டிகிரிக்கு முன் ஓர் ஆயத்த வருடம், அதாவது ஃபவுண்டேஷன் இயரோடு சேர்ந்த நான்கு வருடக் கோர்ஸ் என்றால் எனக்குக் கிடைக்கும். அம்மா, “அது பெயிலான பிள்ளைகள் இருக்கிற வகுப்பு” என்கிறார். அப்பாவுக்குக் கடன் கவலை. அந்த வருடத்தில் உண்மையில் என்ன படிப்பிக்கிறார்கள்? பின்னால் வேலை தேடும்போது அது ஒரு குறையாகத் தெரியுமா?

செங்கல்_அக்கா எழுதியது:

தங்கச்சி, நானும் அந்த வகுப்பில் இருந்து வந்தவள்தான். இப்போது மிட்லண்ட்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் குவாண்டிட்டி சர்வேயராக இருக்கிறேன், சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ்ஸில் முழு உறுப்பினர் தகுதியும் (எம்ஆர்ஐசிஎஸ்) வாங்கியாயிற்று. இதுவரை எந்த இன்டர்வியூவிலும் ஃபவுண்டேஷன் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. டிகிரியின் தரத்தைக் கணக்கிடும்போது அந்த வருடத்து மார்க்கைச் சேர்ப்பதில்லை. பாஸ் பண்ணி அடுத்த வருடத்துக்குப் போனால் சரி. ஆனால் மேலே போக எத்தனை மார்க் வேண்டும் என்பது கம்பஸுக்குக் கம்பஸ் மாறும், சேருமுன் அதைக் கேட்டு வை.

வகுப்பில் நீ மட்டும் தனியாக இருக்க மாட்டாய். சிவில், கட்டட நிர்வாகம், பில்டிங் சர்வேயிங் என்று போகப் போகிறவர்களைப் பெரும்பாலும் ஒன்றாகவே வைத்திருப்பார்கள். பரப்பளவு, கனஅளவு, கொஞ்சம் முக்கோணவியல், கொஞ்சம் புள்ளியியல். ஒரு வீடு அத்திவாரத்தில் இருந்து கூரை வரை எப்படி எழும்புகிறது என்று ஒரு பாடம். அப்புறம் ரிப்போர்ட் எழுதுவது. மேத்ஸில் சி எடுத்த உனக்குக் கணக்கு சப்பென்று இருக்கும். ரிப்போர்ட் பாடத்தை மட்டும் விட்டுவிடாதே. இந்த வேலையில் பாதி நாள் கடிதம்தான். ‘நீங்கள் கேட்கும் தொகையை ஏன் தர முடியாது’ என்று மரியாதையாக, ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைப் போட்டு எழுதத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

கட்டடம் பற்றி ஒன்றும் தெரியாதே என்று உனக்குப் பயமிருந்தால் முதல் வருட அளவை வகுப்பில் வரும் ஒரு கணக்கை இப்போதே சொல்கிறேன், பிடிக்கிறதா பார். வெளி அளவு 10 மீட்டருக்கு 6 மீட்டர் உள்ள செங்கோண மூலைக் கட்டடம். சுவரின் தடிப்பு 0.3 மீட்டர். சுவருக்கு நேர் கீழே 0.6 அகலம், 0.225 ஆழத்தில் அத்திவாரக் கொங்கிரீட். எத்தனை கன மீட்டர்? வெளியே சுற்றி அளந்தால் 32 மீட்டர். அதை அப்படியே பெருக்கினால் நான்கு மூலையிலும் கொங்கிரீட்டைக் கூட்டி எண்ணிவிடுவாய். சுவரின் நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டும்: மூலைக்கு ஒரு தடிப்பாக 4 தரம் 0.3, அதாவது 1.2 ஐக் கழி. 30.8 மீட்டர். அதை 0.6 ஆலும் 0.225 ஆலும் பெருக்கினால் 4.158 கன மீட்டர். 32 என்று போட்டிருந்தால் 4.32. வித்தியாசம் சிறிது. ஆனால் அதே சுற்றளவில் இருந்துதானே கிடங்கு வெட்டுவது, செங்கல், ஈரத்தடுப்பு எல்லாவற்றையும் எடுக்கிறோம், பிழை பின்னாலேயே வரும். இப்போது கட்டடத்தை எல் வடிவத்துக்கு மாற்று. எத்தனை தடிப்புக் கழிப்பாய்? வரைந்து பார், அப்போதும் நான்குதான். ஏன் என்று உனக்கே பிடிபட்டால் தயங்காமல் விண்ணப்பி.

இந்த அளவைகளை எந்த ஒழுங்கில், எந்த அலகில் எழுத வேண்டும் என்பதற்கு ஆர்ஐசிஎஸ் விதிப்புத்தகம் இருக்கிறது, என்ஆர்எம் 2 என்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் எஸ்எம்எம் 7 என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதற்குப் பதிலாக வந்ததுதான் இது. ஒப்பந்தத்துக்கு ஜேசிடி, என்இசி என்ற மாதிரி ஒப்பந்தப் படிவங்கள். பெயர்களைக் கேட்டுப் பயப்படாதே, முதல் வருடத்தில் யாருக்கும் விளங்காது.

நீ பார்க்க வேண்டியது ஃபவுண்டேஷனை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற டிகிரியை. அது ஆர்ஐசிஎஸ் அங்கீகாரம் பெற்றதா என்று அவர்களுடைய தளத்திலேயே தேடு, கம்பஸ் விளம்பரத்தை நம்பாதே. அங்கீகாரம் இருந்தால், டிகிரி முடித்து வேலைக்குப் போனபின் 24 மாதப் பயிற்சியோடு எம்ஆர்ஐசிஎஸ் ஆவதற்கான ஏபிசி (APC) என்ற தேர்வுக்குப் போகலாம். 3,000 சொல்லில் நீ வேலை செய்த ஒரு ப்ராஜெக்ட் பற்றி எழுதி, அசெஸர்கள் முன்னால் ஒரு மணிநேரம் உட்கார வேண்டும். அந்த ஒரு மணிநேரம் எப்படி இருக்கும் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சைட்_தம்பி எழுதியது:

அக்கா சொன்னதில் ஒரு வழி விடுபட்டுவிட்டது: வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற அப்ரெண்டிஸ்ஷிப். எனக்கு 72 புள்ளிகூட இல்லை. ஏ லெவலுக்குச் சமமான லெவல் 3 இல் சர்வேயிங் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன், வாரத்தில் ஒரு நாள் காலேஜ், மற்ற நாள் வேலை. அது முடிந்து அதே கம்பெனியில் லெவல் 6 சார்ட்டர்ட் சர்வேயர் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப்பில் இருக்கிறேன். ஃபீஸ் நான் கட்டுவதில்லை, மாதம் சம்பளம் வருகிறது. நேரே லெவல் 6 இல் சேர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், லெவல் 3 இல் போட்டி அவ்வளவு இல்லை.

இதில் கஷ்டமும் இருக்கிறது. டிசம்பரில் காலை ஏழரைக்குச் சைட்டில் நின்று சப் கான்ட்ராக்டர் எத்தனை மீட்டர் ட்ரைலைனிங் (சுவரில் பதிக்கும் பிளாஸ்டர்போர்ட்) போட்டிருக்கிறார் என்று எண்ணிவிட்டு, இரவு வந்து அசைன்மென்ட் எழுத வேண்டும். கம்பஸில் இருக்கிற கூட்டாளிமார் வெள்ளிக்கிழமை படம் போடும்போது வயிறு எரியும். ஆனால் அவர்கள் பட்டம் வாங்கி வெளியே வரும்போது, காசு கேட்டு அனுப்பும் பேமென்ட் அப்ளிகேஷனில் சப் கான்ட்ராக்டர்கள் செய்யாத வேலையை எந்த வரியில் ஒளித்துவைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

ஹாரோ_பிள்ளை எழுதியது:

எல் வடிவத்தை வரைந்து பார்த்தேன் அக்கா. வெளிமூலை ஐந்து, உள்மூலை ஒன்று, ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்கிறது. நான்குதான்! தம்பி சொன்ன லெவல் 3 ஐயும் தேடுகிறேன். அப்பாவுக்குக் காசு விஷயம் மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

செங்கல்_அக்கா எழுதியது:

பிடித்துவிட்டாய், அவ்வளவுதான்.

காசுக்கு வருவோம். ஃபவுண்டேஷன் அதே டிகிரிக் கோர்ஸின் பகுதியாக, ஒரே யூகாஸ் கோடில் இருந்தால் நான்கு வருடத்துக்கும் அரசு மாணவர் கடனான ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் கிடைக்கும், செலவுக்கான கடனும் சேர்த்து. தனியார் காலேஜ் ஒன்றில் தனிச் சான்றிதழாக விற்கிற ஃபவுண்டேஷன் வேறு கதை, அந்தப் பக்கம் போகாதே. இங்கிலாந்தில் 2025-26க்கு வருட ஃபீஸ் உச்சவரம்பு 9,535 பவுண்ட். வகுப்பறையிலேயே முடிகிற பாடங்களின் ஃபவுண்டேஷனுக்கு மட்டும் 5,760 என்று குறைத்திருக்கிறார்கள். பிசினஸ், சமூக அறிவியல் மாதிரியானவை அதில் அடங்கும். நீ போடுகிற கோர்ஸ் எந்தப் பக்கம் விழுகிறது என்று அட்மிஷனுக்கு ஈமெயில் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள், பதிலைக் கேட்டு அப்பாவே சமாதானம் ஆவார்.

கடனைத் திருப்பிக் கட்டுவது பிளான் 5 என்ற திட்டப்படி. வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 சதவீதம். 30,000 சம்பளம் என்றால் மாதம் 37 பவுண்ட் 50 பென்ஸ். 40 வருடத்தில் மிச்சம் இருந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கடன் எவ்வளவு பெரிதானாலும் மாதம் போவது சம்பளத்தைப் பொறுத்தது என்பதை அப்பாவுக்குத் தாளில் எழுதிக் காட்டு.

இன்னொன்று, ஒரு வருடம் கம்பெனியில் வேலை செய்யும் ப்ளேஸ்மென்ட் உள்ள கோர்ஸாகவே எடு. உனக்கு மொத்தம் ஐந்து வருடம் ஆகும், தெரியும். ஆனால் அந்த வருடம் சம்பளம் வரும், 2025-26 கணக்கில் ஃபீஸ் அதிகபட்சம் 1,905. நான் ப்ளேஸ்மென்ட் செய்த இடத்திலேயேதான் முதல் வேலையும் கிடைத்தது.

யூகாஸில் ஜூன் 30 வரை போடலாம், பிறகு மிச்ச இடங்களுக்கான க்ளியரிங். பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் சின்ன வயதிலிருந்தே கட்டடம் பிடிக்கும் என்று எழுதிவிடாதே. மாமா வீட்டு லாஃப்ட் கதையை எழுது, 11,000 பவுண்டோடு.