அமெரிக்கக் கொடியை முதலில் தைத்தது பெட்சி ராஸ்தானா, இல்லை கதையா?

எடிசன்_அப்பா:
என் பெண் மூன்றாம் கிளாஸ். சரித்திரத்தில் வரும் ஒருவர் மாதிரி வேஷம் போட்டு வந்து இரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம், இவளுக்கு பெட்சி ராஸ் விழுந்திருக்கிறது. பழைய தலையணை உறையை வெட்டித் தொப்பி தைத்தாயிற்று, பிரச்னை பேச்சில்தான். படைத்தளபதி ஜார்ஜ் வாஷிங்டனே இந்த அம்மாவின் தையல் கடைக்கு வந்தார், கொடிப் படத்தை நீட்டினார், அதில் நட்சத்திரத்துக்கு ஆறு முனை இருந்தது, ஐந்து முனைதான் சுலபம் என்று இவர் காகிதத்தை மடித்து ஒரே வெட்டில் காட்டினார் என்பதுதான் பாடத்தில் இருப்பது. போன வாரம் ஃபிலடெல்ஃபியா ஆர்ச் தெருவில் இருக்கும் அவர் வீட்டுக்கும் கூட்டிப் போனேன். திரும்பி வந்து இணையத்தில் தேடினால் பாதிப் பேர் கட்டுக்கதை என்கிறார்கள். பிள்ளையை என்ன பேசச் சொல்வது?

பழுப்புத்தாள்:
சார், அந்த அம்மா நிஜம், கொடி தைத்ததும் நிஜம். வாஷிங்டன் வந்த காட்சிக்குத்தான் சாட்சி இல்லை. 1776இல் நடந்ததாகச் சொல்லப்படும் விஷயத்தை முதன்முதலில் பொதுவில் சொன்னது அவருடைய பேரன் வில்லியம் கேன்பி, அதுவும் 1870இல். பாட்டி இறந்தது 1836இல், அப்போது பேரன் சின்னப் பையன். அத்தை, சித்தி என்று வீட்டுப் பெண்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள், எல்லோரும் "பாட்டி சொல்லக் கேட்டோம்" என்றுதான் சொன்னார்கள். அதை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை, எங்கள் வீட்டிலும் பாட்டி சொன்ன எத்தனையோ விஷயத்துக்குக் காகிதம் கிடையாது.

காகிதம் இருப்பது இன்னொன்றுக்கு. 1777 மே 29 அன்று பென்சில்வேனியாவின் கடற்படை வாரியம் கப்பல் கொடிகள் தைத்ததற்காக எலிசபெத் ராஸுக்கு (பெட்சியின் முழுப் பெயர்) 14 பவுண்டு 12 ஷில்லிங் 2 பென்ஸ் கொடுத்த கணக்கு இருக்கிறது. நாட்டுக் கொடிக்குப் பதின்மூன்று பட்டை, பதின்மூன்று நட்சத்திரம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் போட்டது அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஜூன் 14இல். நட்சத்திரங்களை வட்டமாக வைப்பதா வரிசையாக வைப்பதா என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வார்த்தை இல்லை, அதனால் ஆளுக்கொரு விதமாகத் தைத்தார்கள்.

கறார்_கந்தன்:
பழுப்புத்தாள் ரொம்ப இரக்கம் காட்டுகிறார். கொடியை வரைந்தது நான்தான் என்று அந்தக் காலத்திலேயே எழுதிக் கேட்ட ஒரே ஆள் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். 1780இல் கொடிக்கும் மற்ற சில சின்னங்களுக்கும் சேர்த்துக் கூலியாக அரசாங்க ஒயினில் கால் பீப்பாய் தந்தால் போதும் என்று கேட்டார், பிறகு பணமாகவே பில் அனுப்பினார். நீங்கள் ஒருவர் மட்டும் செய்த வேலை இல்லையே, அதோடு அரசாங்கச் சம்பளமும் வாங்குகிறீர்களே என்று கைவிரித்துவிட்டார்கள். பெட்சி கதை பரவியதற்குக் காரணம் வேறு. 1876இல் சுதந்திர நூற்றாண்டு விழா வந்தது, தேசத் தந்தைகளுக்கு நடுவில் ஒரு தாய் தேவைப்பட்டார், அவ்வளவுதான். 1893இல் சிகாகோ கண்காட்சியில் அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகவே வைத்தார்கள். பத்து சென்ட் கொடுத்து அவர் வீட்டைக் காக்கும் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு அதன் பிரதியும் கொடுத்தார்கள். அதற்கப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்?

மசூலாப்படகு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. இந்த நட்சத்திரக் கொடிக்கு முன்னால் 1776 தொடக்கத்தில் வாஷிங்டன் படை ஏற்றிய கொடியில் பதின்மூன்று சிவப்பு வெள்ளைப் பட்டைகள், மூலையில் பிரிட்டிஷ் யூனியன் சின்னம். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் கொடியும் கிட்டத்தட்ட இதேதான், பட்டை எண்ணிக்கைதான் முன்னே பின்னே இருக்கும். மதராஸில் துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கோட்டைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்ட கப்பல்களில் பறந்த கொடி! பாஸ்டனில் 1773 டிசம்பரில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அதுவும் இந்தக் கம்பெனியின் சரக்குதான். அந்தக் கம்பெனிக் கொடியைப் பார்த்துத்தான் இவர்கள் தைத்தார்களா?

பழுப்புத்தாள்:
அப்படி ஒரு வாதம் உண்டு, ஆதாரம் கிடையாது. பிரிட்டிஷ் கப்பல்களின் சிவப்புக் கொடி எல்லாத் துறைமுகத்திலும் கிடைத்தது, அதன்மேல் ஆறு வெள்ளைப் பட்டை தைத்தால் பதின்மூன்று வந்துவிடும். தையல்காரருக்கு இது அரை நாள் வேலை.

எடிசன் அப்பாவுக்கு ஒன்று. வாஷிங்டனை விட்டாலும் அந்த அம்மாவிடம் கதைக்குப் பஞ்சம் இல்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக் குடும்பத்துப் பெண், வேறு சபைப் பையனைக் கட்டிக்கொண்டதற்காகச் சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். மெத்தை, திரைச்சீலை, நாற்காலி உறை தைக்கிற கடை, கொடியும் அந்தக் கடைகளின் வேலைதான். அந்தப் புருஷன் ஜான் ராஸ் 1776 ஜனவரியில் போய்விட்டார். இரண்டாவது கணவர் ஆஷ்பர்ன் மாலுமி, பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டு இங்கிலாந்துச் சிறையில் செத்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் அதே சிறையில் கூட இருந்த ஜான் கிளேபூல். பிறகு பெட்சி அவரையே மணந்துகொண்டார். பல பத்தாண்டுகள் கொடி தைத்தார்.

அமுதா_டெக்சாஸ்:
பேச்சு எப்படியும் இருக்கட்டும், நட்சத்திரத்தை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், கிளாஸே வாயைப் பிளக்கும். எட்டரைக்குப் பதினொன்று அங்குலப் பிரிண்டர் தாளில் நீளத்தில் ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு எட்டரைக்குப் பத்தாக எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மடிப்பு சரியாக உட்காரும். கத்தரியைச் சாய்க்கிற கோணம்தான் சூட்சுமம், கொஞ்சம் தப்பினாலும் நட்சத்திரம் நோஞ்சானாகிவிடும். என் பையனுக்கு ஏழாவது தாளில் வந்தது, எனக்கு இன்னும் வரவில்லை.

எடிசன்_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. "வாஷிங்டன் வந்தார் என்று என் பேரன் சொல்கிறான்" என்று பெட்சியே சொல்வது மாதிரி எழுதிவிட்டோம், கப்பல் கொடிக்குக் கிடைத்த 14 பவுண்டு கணக்கையும் சேர்த்தாயிற்று. நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, அந்த ஹாப்கின்சன் மாமாவுக்குக் கடைசியில் காசாவது கொடுத்தார்களா என்பதுதான்.

கறார்_கந்தன்:
ஒரு பைசா கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள்.