புதுப்பிப்பு: 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டேன்

மேசைக்கணினியில் குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் சேமிக்க எந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சீகேட் அயர்ன்வுல்ஃப் 4 டெராபைட்டைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியிருக்கிறேன். அதே நிறுவனத்தின் அதே கொள்ளளவுள்ள பாரகுடாவை விட்டதற்குக் காரணம், அது எஸ்எம்ஆர் முறையில் எழுதுவதுதான். அம்முறையில் தரவு எழுதப்படும் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒன்றை மாற்றி எழுதும்போது அடுத்துள்ளவற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது; பெரிய கோப்புகளை இடைவிடாமல் நகலெடுத்தால் வேகம் சட்டென்று குறைந்துவிடும். அயர்ன்வுல்ஃப், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. இவ்வேறுபாட்டைப் பெட்டியின்மேலேயே தெளிவாக அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதிய டிஸ்க் விண்டோஸில் உடனே தெரியாவிட்டால் பதற வேண்டாம். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையாக ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான எம்பிஆர் என்றால் 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படாது.