டைரக்ட்ஷோ பிளேயர்: வீடியோவின் கடைசி நொடிகள் வெட்டுப்படுகின்றன, சில நேரம் அடுத்த கோப்பையே தாண்டிவிடுகிறது

சுழல்வட்டு:

வணக்கம். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய பழைய வீடியோ பிளேயர் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார், குறிப்பு ஒன்றும் வைக்கவில்லை. உள்ளே இருப்பது டைரக்ட்ஷோ, விண்டோஸில் ஒலி, வீடியோக் கோப்புகளை ஓட்டும் மைக்ரோசாஃப்ட்டின் பழைய நூலகம். பட்டியலில் உள்ள கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

அதைத்தான் ஒழுங்காகச் செய்ய மாட்டேன் என்கிறது. சில வீடியோக்கள் முடிய இரண்டு மூன்று நொடி இருக்கும்போதே அடுத்ததற்குப் போய்விடுகிறது. எந்தக் கோப்பில் வெட்டுகிறதோ அதில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வெட்டுகிறது. இன்னொன்று, எப்போதாவது நடு கோப்பு ஒன்றை அப்படியே விட்டுவிட்டு அதற்கடுத்ததை ஓட்டுகிறது. இதில் ஒழுங்கே கிடையாது. பட்டியல் பக்கத்தில் சிறுபடங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது அதிகம் நடக்கிறது என்று தோன்றுகிறது, அடித்துச் சொல்ல முடியவில்லை.

நிரல் வேலை செய்யும் விதம் இது: கிராஃபிலிருந்து (கோப்பை ஓட்ட ஃபில்டர் எனும் பகுதிகளைக் கோத்து டைரக்ட்ஷோ கட்டும் தொடர்) அறிவிப்புச் செய்தி வந்ததும் கெட்ஈவென்ட்டைக் கூப்பிட்டு வரிசை காலியாகும் வரை நிகழ்வுகளை எடுக்கிறது. குறியீடு 1 வந்தால் 'அடுத்தது' என்று தனக்குத்தானே ஒரு செய்தி போட்டுக்கொள்கிறது. அந்தச் செய்தி வந்ததும் பழைய கிராஃபைக் கலைத்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறது. பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தேடுவது?

மெல்லிசை:

கோடெக் (சுருக்கி வைத்த படத்தையும் ஒலியையும் விரிக்கும் நிரல்) பிரச்சினையாக இருக்கும். இருப்பதை எல்லாம் நீக்கிவிட்டு ஒரு நல்ல கோடெக் தொகுப்பு போட்டுப் பாருங்கள்.

காவலாளி:

கோடெக் கோளாறு என்றால் படம் உடையும், ஒலி போகும், இல்லையென்றால் கிராஃப் கட்டும்போதே தோற்கும். அடுத்த கோப்பைத் தாண்டிக் குதிக்காது. ஒன்றையும் நீக்காதீர்கள், அப்புறம் எதனால் மாறியது என்றே தெரியாமல் போகும்.

எனக்கு மூன்று தகவல் வேண்டும். ஒலி மட்டும் உள்ள கோப்புகளில் இந்தச் சிக்கல் வருகிறதா? ஒலித்தடமே இல்லாத வீடியோவில் வருகிறதா? கெட்ஈவென்ட் தரும் குறியீட்டையும் இரண்டு அளவுருக்களையும் லாக் செய்து ஒரு கோப்புக்கு இங்கே போடுங்கள்.

சுழல்வட்டு:

ஒலி மட்டும் உள்ள கோப்புகள் நிறைய ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒலித்தடத்தை நீக்கிய வீடியோக்களும் ஒழுங்காக ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்த கோப்புகளில்தான் வம்பு.

தாண்டிப் போன சமயத்து லாக்:

குறியீடு 13, முதல் அளவுரு 0, இரண்டாவது 0
குறியீடு 14, முதல் அளவுரு 0, இரண்டாவது 0
குறியீடு 1, முதல் அளவுரு 0, இரண்டாவது 48213120
குறியீடு 1, முதல் அளவுரு 0, இரண்டாவது 48377904

கடைசி இரண்டும் ஒரே லூப்பில் அடுத்தடுத்து வந்தவை. 1 என்றால் முடிந்தது என்றுதானே பொருள்? ஒரே கோப்பு எப்படி இரண்டு முறை முடியும்?

காவலாளி:

கோப்பு ஒரு முறைதான் முடிந்தது. தடங்கள்தான் தனித்தனியாக முடிந்திருக்கின்றன.

13 கடிகாரம் மாறியது என்பது, 14 இடைநிறுத்தம் நிறைவேறியது என்பது. ஓட்டத் தொடங்கும்போது வரும் வழக்கமான சத்தம், விட்டுவிடலாம். விஷயம் அந்த இரண்டு 1களில் இருக்கிறது. 1 என்பது ஈசி_கம்ப்ளீட், ஓடி முடிந்தது என்று சொல்லும் நிகழ்வு. அதன் முதல் அளவுரு முடிவு நிலை, 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது அளவுரு அதை அனுப்பிய ரெண்டரரின் முகவரி. உங்கள் லாக்கில் இரண்டு வரியிலும் முகவரி வேறு வேறு. ஒன்று படத்தைக் காட்டும் ரெண்டரர், மற்றது ஒலியை வெளியிடும் ரெண்டரர்.

இதை நீங்கள் பார்த்திருக்கவே கூடாது. ஒவ்வொரு ரெண்டரரும் தன் தடம் தீர்ந்ததும் ஈசி_கம்ப்ளீட் அனுப்பும். அவை நேராகச் செயலிக்கு வருவதில்லை. நடுவில் இருக்கும் கிராஃப் மேனேஜர் அவற்றை எண்ணிக்கொண்டே இருந்து, எல்லாத் தடங்களும் முடிந்த பிறகுதான் ஒரே ஒரு ஈசி_கம்ப்ளீட்டைத் தன் பெயரில் கொடுக்கும். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு இலை எடுப்பதைப் போல. இதுதான் இயல்பு நடத்தை. அந்த இயல்பை யாரோ உங்கள் நிரலில் அணைத்து வைத்திருக்கிறார்கள். கேன்சல்டிஃபால்ட்ஹேண்ட்லிங் என்று தேடுங்கள், 1 என்ற மதிப்போ ஈசி_கம்ப்ளீட்டோ கொடுத்து ஒரு அழைப்பு இருக்கும்.

இருந்தால் உங்கள் இரண்டு கேள்விக்கும் அதுவே பதில். சில கோப்புகளில் ஒலித்தடம் படத்தைவிட இரண்டு மூன்று நொடி குட்டையாக இருக்கும். ஒலி முடிந்ததும் முதல் 1 வரும், நீங்கள் 'அடுத்தது' என்று கிராஃபைக் கலைத்துவிடுகிறீர்கள். மிச்சப் படம் அம்போ. தடங்களின் நீளம் கோப்புக்குள்ளேயே இருப்பதால்தான் எப்போதும் அதே இடத்தில் வெட்டுகிறது.

தாண்டுவது வேறு வகை. ஒலியும் படமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடியும் கோப்பில், பெரும்பாலும் முதல் 1க்கே கிராஃப் கலைந்துவிடும். இரண்டாவது 1 அதோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆனால் சிறுபடங்கள் ஏறும்போது உங்கள் முதன்மை இழை (சாளரத்தையும் அதற்கு வரும் செய்திகளையும் கவனிக்கும் நிரலோட்டம்) வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது திரும்பி வருவதற்குள் இரண்டு 1களும் வரிசையில் உட்கார்ந்துவிடுகின்றன. லூப் இரண்டையும் எடுக்கிறது, இரண்டு 'அடுத்தது' போகிறது, ஒரு கோப்பு காணாமல் போகிறது. ஒழுங்கே இல்லை என்று நீங்கள் சொன்னது இதனால்தான்.

சுழல்வட்டு:

இருக்கிறது! சாளரம் உருவாகும் இடத்தில் கேன்சல்டிஃபால்ட்ஹேண்ட்லிங் இரண்டு முறை அழைக்கப்பட்டிருக்கிறது, ஒன்று 1க்கு, மற்றது 5க்கு. மேலே 'தேவை' என்று ஒரே சொல்லில் ஒரு கருத்துரை. எதற்குத் தேவை என்று இல்லை.

இரண்டையும் எடுத்துவிடலாமா?

காவலாளி:

1க்கு உள்ளதை எடுத்துவிடுங்கள். 5 என்பது ஈசி_ரீபெயின்ட், படத்தை மறுபடி வரையச் சொல்லி ரெண்டரர் கேட்பது. அதையும் மேனேஜரே பார்த்துக்கொள்ளும். உங்கள் நிரலில் 5ஐக் கையாளும் பகுதி தனியாக இல்லையென்றால் அதையும் எடுத்துவிடலாம். இருந்தால், ஏன் எழுதினார்கள் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

யாராவது ஒலி எப்போது முடிகிறது, படம் எப்போது முடிகிறது என்று தனித்தனியாக அறிய விரும்பினால் 1ஐ ரத்து செய்வதில் பொருள் உண்டு. அப்போது எண்ணுவது அவர்கள் பொறுப்பு. உங்கள் முன்னவர் ரத்து மட்டும் செய்தார், எண்ணவில்லை.

பொத்தான்:

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? ஓட்டச் சொன்ன கையோடு வெயிட்ஃபார்கம்ப்ளீஷன் போட்டால் முடிந்ததும் திரும்பி வருகிறது. நான் அப்படித்தான் செய்கிறேன், நிகழ்வு, செய்தி என்று எந்தத் தலைவலியும் இல்லை.

காவலாளி:

சாளரமே இல்லாத கட்டளைவரி நிரலுக்குச் சரி. காலவரம்பு முடிவிலி என்று கொடுத்து முதன்மை இழையில் அழைத்தால் படம் முடியும் வரை சாளரம் உறைந்து நிற்கும். இடைநிறுத்தப் பொத்தானைக்கூட அமுக்க முடியாது. அதைவிட, கேட்டவர் நிலையில் அது வேலைக்கே ஆகாது: ஈசி_கம்ப்ளீட்டின் இயல்பு நடத்தையை ரத்து செய்திருந்தால் வெயிட்ஃபார்கம்ப்ளீஷன் தோல்வியைத்தான் தரும்.

புதுவரவு:

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். என் அறிவிப்புச் செய்தியோடு வரும் இரண்டு மதிப்புகளில் முதலாவதான டபிள்யூபராம் எப்போதும் 0 ஆகவே வருகிறது. அதில் குறியீடு இருக்கும் என்று நினைத்து ஸ்விட்ச் எழுதியிருக்கிறேன், எந்த கேஸும் ஓடவில்லை.

காவலாளி:

அது எப்போதும் 0தான். அந்தச் செய்தி 'வரிசையில் ஏதோ இருக்கிறது, வந்து பார்' என்று சொல்வதோடு சரி. குறியீடு கெட்ஈவென்ட் மூலம்தான் கிடைக்கும். இரண்டாவதான எல்பராமில் வருவது, அறிவிப்பு எந்தச் சாளரத்துக்கு வர வேண்டும் என்று சொல்ல செட்நோட்டிஃபைவிண்டோவை அழைத்தபோது நீங்களே கடைசி அளவுருவாகக் கொடுத்த மதிப்பு.

ஒரு செய்திக்கு ஒரு நிகழ்வு என்றும் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் வந்து பார்ப்பதற்குள் வரிசையில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கலாம், செல்லாததாகிவிட்ட நிகழ்வுகள் நீக்கப்பட்டு ஒன்றுமே இல்லாமலும் போகலாம். காலவரம்பை 0 என்று வைத்து, கெட்ஈவென்ட் தோல்வி தரும் வரை சுற்றுங்கள். எடுத்த ஒவ்வொன்றுக்கும், அதன் அளவுருக்களை விடுவிக்க ஃப்ரீஈவென்ட்பராம்ஸ் அழையுங்கள். மேலே உள்ள லாக்கில் இரண்டாவது அளவுரு ஒரு ரெண்டரரின் முகவரி என்றேன் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் அந்த ஃபில்டர் நினைவகத்திலிருந்து போகாது.

சுழல்வட்டு:

இரண்டு ரத்து வரிகளையும் எடுத்துவிட்டேன், 5க்கு என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. வெட்டுப்பட்ட கோப்புகள் இப்போது கடைசிவரை ஓடுகின்றன. சிறுபடங்களை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு முழுப் பட்டியலையும் ஓட்டினேன், தாண்டவில்லை. லாக்கில் ஒரு கோப்புக்கு ஒரே ஒரு 1 வருகிறது. மிக்க நன்றி!

இரண்டு சின்னச் சந்தேகம். பட்டியலின் கடைசிக் கோப்பு முடிந்த பிறகும் கடைசிச் சட்டகம் திரையில் நிற்கிறது, நிலையைக் கேட்டால் 'ஓடுகிறது' என்றே சொல்கிறது. அப்புறம், 'அடுத்தது' பொத்தானை வேகவேகமாக அமுக்கினால் எப்போதாவது நிரல் விழுந்துவிடுகிறது. கெட்ஈவென்ட் வரியில் நிற்கிறது.

காவலாளி:

முதலாவது பிழை இல்லை. ஈசி_கம்ப்ளீட் வந்ததும் கிராஃப் தானாக நிற்காது, நீங்கள்தான் ஸ்டாப் சொல்ல வேண்டும். அதே கோப்பை மறுபடி ஓட்டுவதென்றால் தொடக்கத்துக்கு நகர்த்தினால் போதும்.

விழுவது வேறு கதை. நீங்கள் கிராஃபைக் கலைக்கும் நேரத்தில், அது ஏற்கெனவே போட்ட அறிவிப்புச் செய்தி சாளரத்தின் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். கலைத்த பிறகு அது உங்கள் கைக்கு வரும், நீங்கள் விடுவித்துவிட்ட சுட்டியை (கிராஃபின் நினைவக முகவரியை) கொண்டு கெட்ஈவென்ட் அழைப்பீர்கள். விழாமல் என்ன செய்யும்? சுட்டியை விடுவிக்கும் முன் செட்நோட்டிஃபைவிண்டோவுக்கு வெற்றுச் சாளரத்தைக் கொடுத்து அறிவிப்பை நிறுத்துங்கள். விடுவித்ததும் சுட்டியை 'நல்' (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆக்குங்கள். கையாளும் இடத்தில் முதல் வரியாக, சுட்டி நல் என்றால் திரும்பிவிடு என்று எழுதுங்கள். மூன்றும் வேண்டும். முதலாவது மட்டும் போதாது, ஏற்கெனவே வரிசையில் ஏறிவிட்ட செய்தியை அது திரும்பப் பெறாது.

எல்பராமையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு கிராஃபுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து அதைக் கடைசி அளவுருவாக அனுப்புங்கள். வந்த செய்தியின் எண் இப்போதைய கிராஃபின் எண் இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், லாக்கைப் படிக்கும்போதும் எது எந்தக் கோப்புடையது என்று தெரியும்.

கேட்காத ஒன்று: 2ம் 3ம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? 2 என்பது பயனர் ஓட்டத்தை நிறுத்தியது, எடுத்துக்காட்டாக வீடியோ சாளரத்தை மூடியது. 3 என்பது பிழையால் நின்றது, முதல் அளவுருவில் பிழை எண் இருக்கும். 1ஐ மட்டும் எதிர்பார்க்கும் பட்டியல், ஒரு கோப்பு பாதியில் பிழையாகி 3 வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

சுழல்வட்டு:

3க்கு எதுவும் இல்லை. சேர்த்துவிடுகிறேன், லாக்கில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். எண் கொடுக்கும் வழியைப் போட்டேன், பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் விழவில்லை.

மெல்லிசை:

சரி, கோடெக் இல்லைதான். ஆனால் நான் விஎல்சி பிளேயரின் நூலகமான லிப்விஎல்சியில் எழுதியிருக்கிறேன். அதிலும் முடிந்தது என்ற நிகழ்வு வந்ததும் அடுத்ததை ஓட்டச் சொன்னால் மொத்தமாக உறைந்துவிடுகிறது. அதுவும் இதே கதைதானா?

காவலாளி:

இல்லை, அங்கே எண்ணிக்கை பிரச்சினை கிடையாது. லிப்விஎல்சி நிகழ்வைத் தன் சொந்த இழையிலிருந்து நேராக உங்கள் சார்பைக் கூப்பிட்டுச் சொல்கிறது. அந்தச் சார்புக்குள் இருந்துகொண்டே ஓட்டு, நிறுத்து என்று நூலகத்தைத் திரும்ப அழைத்தால் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். 3ஆம் பதிப்பில் முடிந்தது என்பது 265. அது வந்ததும் உங்கள் முதன்மை இழைக்கு ஒரு செய்தி மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள், அடுத்ததை அங்கிருந்து ஓட்டுங்கள்.

சுழல்வட்டு:

பின்னால் இதை டைரக்ட்ஷோவுக்குப் பின் வந்த மைக்ரோசாஃப்ட் நூலகமான மீடியா ஃபவுண்டேஷனுக்கு மாற்றச் சொல்கிறார்கள். குறியீடுகளைப் பார்க்கும் ஸ்விட்ச்சை அப்படியே எடுத்துப் போகலாமா?

காவலாளி:

வேண்டாம். விஸ்டாவோடு வந்த மீடியா ஃபவுண்டேஷனில் எண்களுக்கு வேறு பொருள். அங்கே 1 என்றால் பிழை, எல்லாம் ஓடி முடிந்தது என்பது 107. பழைய ஸ்விட்ச்சை அப்படியே வைத்தால் ஒவ்வொரு பிழையையும் 'நல்லபடியாக முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போகும், உண்மையில் முடிந்த கோப்பில் அசையாமல் நிற்கும். எண்களை எழுதாமல் பெயர்களை எழுதுங்கள். செஷனை (அங்கே ஓட்டத்தை நடத்தும் பொருள்) மூடச் சொன்ன கையோடு ஷட்டவுனும் சொல்லிவிடாதீர்கள், மூடியதற்கான 106 வரும்வரை பொறுங்கள்.