உங்களைக் கண்டம் பிடித்தது எங்கே?

தொடக்கப் பதிவு

இந்த இழை Gundam என்ற ஜப்பானிய ராட்சத ரோபோ கார்ட்டூன் தொடரைப் பற்றியது; அதில் வருகிற ரோபோவின் பெயரும் அதுவே. முதலில் ஒரு எழுத்துப் பஞ்சாயத்து. ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மில் பலர் 'குண்டம்' என்கிறோம். ஜப்பானியர் சொல்வது காதில் 'கண்டாமு' என்றுதான் விழுகிறது. ஜாதகத்தில் வருகிற கண்டம் அதற்கு ரொம்பப் பக்கம். எனவே இந்த இழையில் கண்டம் என்றே எழுதுகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் பரிகாரம் செய்துகொள்ளவும்.

என்னை அது பிடித்தது ரயில் நிலையத்தில். டோக்கியோ வந்த புதிதில் செய்பு ஷிஞ்ஜுகு பாதையில் காமி-இகுசா பக்கம் வாடகைக்கு இருந்தேன். ஸ்டேஷன் வாசலில் கண்டத்துக்கு ஒரு வெண்கலச் சிலை, 2008இல் வைத்தது. உள்ளே ரயிலுக்கு ஒலிக்கும் மெட்டு 1979 தொடரின் முகப்புப் பாட்டு. தொடரைத் தயாரித்த சன்ரைஸ் ஸ்டூடியோ நெடுங்காலம் இருந்த இடம் அது. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. ஏதோ ரயில்வே மெட்டு என்று நினைத்து ஒருநாள் ஆபீஸில் முணுமுணுத்தேன். எதிர் மேசை சீனியர், ஐம்பதைத் தாண்டியவர், அதுவரை என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசாதவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த அடியைப் பாடினார்.

மதியச் சாப்பாட்டின்போது கதை சொன்னார். 1979 ஏப்ரலில் தொடங்கி சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வந்த தொடர். 52 எபிசோட் என்று திட்டம். பார்க்க ஆள் இல்லை, பொம்மையும் போகவில்லை, 43இல் சுருக்கி 1980 ஜனவரியில் மூட்டை கட்டிவிட்டார்கள். அப்புறம் மறு ஒளிபரப்பிலும், பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனி அந்த வருடம் ஜூலையில் இறக்கிய 300 யென் பிளாஸ்டிக் மாடல்களிலும்தான் பிழைத்து எழுந்தது. அவரே ரசிகரானது மறு ஒளிபரப்பில்தான். முதல் ஓட்டத்திலேயே பார்த்ததாகச் சொல்லும் தன் வயதுக்காரர்களில் பாதிப் பேர் புளுகுகிறார்கள் என்றார்.

ரோபோ அடிக்கும், வில்லன் விழுவான் என்ற நினைப்பில் முதல் எபிசோடைப் போட்டேன். சைட் 7 என்ற விண்வெளிக் குடியிருப்பு. எதிரிகளான ஜியோன் படையின் ஸாகு என்ற ரோபோ இயந்திரங்கள் உள்ளே புகுந்து சுடுகின்றன. அமுரோ ரே, 15 வயதுப் பையன், கண்டத்தில் ஏறி உட்கார்ந்து கையேட்டைப் புரட்டிக்கொண்டே ஓட்டுகிறான். நள்ளிரவில் டாக்குமென்டேஷனைப் பார்த்துப் பார்த்து சர்வரைத் தூக்கி நிறுத்தியவன் நான்; இவன் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. முதல் ஸாகுவை வெட்டுகிறான். அது வெடித்துக் குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுகிறது. காற்றோடு சேர்ந்து ஒரு மனிதர் வெற்றிடத்துக்குப் போய்விடுகிறார். அவன் அப்பா. கண்டத்தை உருவாக்கிய இன்ஜினியரும் அவரே. பையனுக்கு அது தெரியாது. அடுத்ததை வெடிக்கவிடக் கூடாது என்பது மட்டும் புரிகிறது. ஆள் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்துக் குத்துகிறான்.

அந்த அப்பா 33ஆம் எபிசோடில் உயிரோடு கிடைக்கிறார். ஆக்சிஜன் இல்லாமல் மூளை பாதிக்கப்பட்ட நிலை. காலாவதியான ஒரு சர்க்யூட்டை மகன் கையில் கொடுத்து, கண்டத்தில் இதைப் பொருத்து, பலம் எகிறிவிடும் என்கிறார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் அதைத் தரையில் வீசி அடிக்கிறான். என் அப்பா ஊரில் இன்னும் ரேடியோ ரிப்பேர் செய்கிறார். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

சரி, உங்கள் கதை?

மறுமொழி, யோகோஹாமாவிலிருந்து

அண்ணா, எனக்கு என் பையன் வழியாக வந்த கண்டம். இங்கே யமஷிதா துறையில் 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை 18 மீட்டர் உயரத்தில் ஒன்று நின்றது. கை கால் அசைக்கும், முன்னே அடி வைக்கும், ஒரு முழங்காலில் உட்காரும். கதையில் அதன் வெற்று எடை 43.4 டன். இங்கே அதை 25 டன்னுக்குக் குறைத்தும் தனியாக நிற்க விடவில்லை, பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கியபடி ஒரு பெரிய சட்டகம். என் பையன் பார்த்ததும் கேட்டான்: "அம்மா, அது இன்னும் நடைவண்டியிலயா இருக்கு?" பக்கத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

ஆனால் அது கையை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியபோது யாரும் பேசவில்லை. தேர் நிலையை விட்டு அசைகிற அந்த ஒரு நொடியில் கூட்டம் அடங்குமே, அப்படி.

வீட்டுக்கு வந்து தொடரைப் பார்க்கத் தொடங்கினோம். பாதியில் பையன் தூங்கப் போய்விடுவான், நான் தொடர்வேன். 34ஆம் எபிசோடில் அமுரோ மழைக்கு ஒரு ஏரிக்கரை வீட்டில் ஒதுங்குகிறான். அங்கே மாநிறத்தில் ஒரு பெண், நெற்றியில் பொட்டு. ஒரு பறவை ஏரியில் விழுந்து சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 1979 ஜப்பானியத் தொடரில் பொட்டு வைத்த பெண்ணை நான் எதிர்பார்க்கவே இல்லை. பெயர் லாலா சூன். எந்த நாட்டுப் பக்கத்துப் பெண் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதே எபிசோடில் அமுரோவின் கார் சேற்றில் மாட்டிக்கொள்ள, அதை இழுத்துவிடுகிறவன் அவனுடைய பரம எதிரி, சிவப்பு ஸாகு ஓட்டிய ஷார். லாலா அவன் பக்கத்தில் நிற்கிறாள். அந்தச் சேற்று ரோட்டுக் காட்சிக்கு முன்னால் எல்லாச் சண்டையும் எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

கோபமும் உண்டு. 41ஆம் எபிசோடில் ஷார் மீது விழ வேண்டிய அடிக்குக் குறுக்கே வந்து இறப்பது அவள்தான். இரண்டு ஆண்கள் வருடக்கணக்கில் வருந்துவதற்காக நம்ம பெண் சாக வேண்டுமா? இயக்குநர் யோஷியுகி தொமினோவை எனக்குப் பிடிக்கும், இந்த விஷயத்தில் மட்டும் பிடிக்காது.

மறுமொழி, சைதாமாவிலிருந்து

அண்ணா, அக்கா, நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் 14 மாடல் இருக்கிறது. தொடரில் ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை.

விரதம் மாதிரி ஒன்றும் இல்லை, நேரம் அமையவில்லை. மின்சாதனக் கடை ஒன்றில் மழைக்கு ஒதுங்கியபோது 770 யெனுக்கு ஒரு கண்டம் பெட்டி வாங்கினேன். பசை வேண்டாம், வெட்டுகிற நிப்பர்கூட வேண்டாம், பாகங்களைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கையாலேயே பிய்த்துப் பொருத்தலாம். 1980இல் வந்ததைப் பசை போட்டு ஒட்டி, பெயின்டும் நாமே அடிக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அடுத்த மாதம் பச்சை ஸாகு வாங்கினேன். அதோடு கண்டம் அலுத்துவிட்டது! ஒற்றைக் கண், வழவழப்பான தோள், என்ன ஒரு உருவம். இரண்டையும் வரைந்தவர் குனியோ ஓகவாரா. கண்டத்தில் பொம்மை விற்க வேண்டுமே என்ற கவலையில் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் ஏறியது. எதிரி இயந்திரத்தைப் பொம்மையாக்கும் யோசனை ஸ்பான்சருக்கு இல்லாததால் ஸாகுவில் அவர் கை சுதந்திரமாக ஓடியிருக்கிறது. அவருடைய ஊரான இனாகியில், இனாகி-நகனுமா ஸ்டேஷன் எதிரே இரண்டுக்கும் சிலை இருக்கிறது. நான் ஸாகுவோடு மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வீடியோ காலில் அலமாரியைப் பார்த்த அம்மா என்ன இதெல்லாம் என்றார். பேரைச் சொன்னேன். "உனக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொன்னாரு, நீ காசு குடுத்து வீட்டுக்குள்ள வாங்கி வச்சிருக்க." ஒரு வாரம் தினமும் போன் செய்து அலமாரியைப் பற்றிக் கேட்டார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? 43 எபிசோடா, 1981, 82இல் வந்த மூன்று சினிமாவா?

மறுமொழி, மீண்டும் யோகோஹாமா

தம்பி, சினிமாவில் தொடங்காதே. 15ஆம் எபிசோட் அதில் கிடையாது. ஜியோன் படையை விட்டு ஓடிவந்த ஒருவன் தீவில் அநாதைக் குழந்தைகளை வளர்க்கிற கதை. படம் வரைந்த விதம் சில இடத்தில் சகிக்காது, இருந்தாலும் விடாதே.

அதற்கு முன் 13 வரும். அமுரோ பல வருடம் கழித்து அம்மாவைப் பார்க்கப் போகிறான். அகதி முகாமில் இருக்கிறாள். ஜியோன் சிப்பாய்கள் தேடி வர, படுக்கையில் போர்வைக்குள் துப்பாக்கியோடு படுத்திருந்து ஒருவனைச் சுடுகிறான். அவனைக் காப்பாற்ற மறைத்து வைத்த அம்மாவே, அந்த ஆளுக்கும் பிள்ளைகள் இருக்காதா, உன்னை நான் இப்படியா வளர்த்தேன் என்று கேட்கிறாள். சுடாவிட்டால் அவன் செத்திருப்பான். அவளுக்கும் அது தெரியும். கடைசியில் அவன் படையின் கப்பல் கிளம்பும்போது அந்தப் பையன் அம்மாவைக் கட்டிக்கொள்வதில்லை. நல்லா இருங்கம்மா என்று சொல்லி சல்யூட் அடிக்கிறான். அவள் அப்படியே மடங்கி உட்கார்ந்து அழுகிறாள். என் பையன் அன்று தூங்கப் போகவில்லை, பக்கத்தில்தான் இருந்தான். "ஏம்மா சல்யூட் அடிச்சான்?" என்றான். சொல்லத் தெரியாமல் பால் காய்ச்ச எழுந்து போய்விட்டேன்.

மறுமொழி, சைதாமா

சரிக்கா, 43ஏ பார்க்கிறேன். நாளை சனிக்கிழமை. ஐந்தரைக்குத் தொடங்குகிறேன். ஸாகு எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி, இழையைத் தொடங்கியவர்

தொடங்கியவுடனே வரும் தம்பி. ரொம்ப நேரம் இருக்காது.