தனியாக விட்டுப் போனால் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறாள், என்ன செய்யலாம்?

மழைக்குருவி:
எங்கள் நாய்க்கு மூன்று வயது, காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். இத்தனை நாளும் வீட்டில் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, இப்போது நானும் கணவரும் இரண்டு பேருமே வேலைக்குப் போக வேண்டிய நிலை. நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஊளை ஆரம்பித்துவிடுகிறதாம், பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தால் வாசல் கதவின் அடிப்பகுதி முழுக்கப் பிறாண்டல், தரையெல்லாம் எச்சில், சில நாள் சிறுநீரும். வைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே கிடக்கிறது. நாங்கள் இருக்கும்போது அவ்வளவு சமர்த்து, ஒரு செருப்பைக்கூடத் தொடமாட்டாள். உள்ளே நுழைந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் ஒண்டுவதைப் பார்த்து, தப்பு என்று தெரிந்தே நம்மைப் பழிவாங்குகிறாள் என்கிறார் கணவர். கூண்டு வாங்கலாமா, துணைக்கு இன்னொரு நாய் எடுக்கலாமா? எதுவானாலும் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி:
பழியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் குற்றவாளி முகத்தைப் பற்றி அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நாய் தின்பண்டத்தைத் திருடியதா இல்லையா என்பதை உரிமையாளருக்குச் சில முறை பொய்யாகச் சொல்லி, நாயின் முகத்தைக் கவனித்தார்கள். திருடிய நாயா திருடாத நாயா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை, திட்டு வாங்கினால் நிரபராதி நாயும் அதே முகத்தைத்தான் காட்டியது. உங்கள் கணவரின் குரலையும் நடையையும் பார்த்துத்தான் அவள் ஒண்டுகிறாள். திட்டினால் நீங்கள் போவதும் பயம், வருவதும் பயம் என்றாகிவிடும்.

சலிப்பில் கடிக்கிற நாய் முதலில் வைத்த சாப்பாட்டைக் காலி பண்ணிவிட்டு அப்புறம் தலையணையைத் தேடிப் போகும். உங்களுடையது சாப்பிடவே இல்லை, எச்சில் வடிக்கிறது, வெளியே போகிற வழியை மட்டும் குறிவைத்துப் பிறாண்டுகிறது, இது பீதி. உறுதிப்படுத்த ஒரு பழைய கைப்பேசியை அலமாரியில் வைத்து வீடியோ எடுங்கள். தனியாக விட்டால் வருகிற இந்தப் பீதிக்குப் பிரிவுப் பதற்றம் என்று பெயர், அதுதான் என்றால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிடும்.

கட்டைவிரல்:
எங்கள் வீட்டில் கூண்டுதான். குட்டியிலிருந்தே பழக்கம், கதவைத் திறந்து வைத்தாலும் அதில்தான் போய்ப் படுப்பான். நல்ல பெரிய கூண்டாக வாங்கி உள்ளே துணி போட்டு வையுங்கள், சரியாகிவிடும்.

வெள்ளைவால்:
கட்டைவிரல், உங்களுடையவன் கூண்டை விரும்புகிறவன், அது வேறு கதை. பீதியில் இருக்கிற நாயை உள்ளே போட்டுப் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல் உடைகிறது, நகம் பிய்ந்து ரத்தம் வருகிறது. மழைக்குருவி, தயவுசெய்து வேண்டாம். குரைத்தால் அதிர்ச்சி கொடுக்கிற கழுத்துப்பட்டையும் வேண்டாம். இன்னொரு நாயும் பெரும்பாலும் உதவாது, அவள் தேடுவது மனிதர்களை. கடைசியில் ஊளையிடுகிற நாய்கள் இரண்டாகிவிடக் கூடாது.

நான் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அடிப்படை இதுதான்: அவள் பயப்பட ஆரம்பிப்பதற்கு முன்பே நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டும். சில நாய்களுக்கு அது ஐந்து நிமிடம், சிலவற்றுக்கு வாசற்படியைத் தாண்டுவதே அதிகம். கதவைத் திறந்து மூடிவிட்டு உள்ளேயே இருங்கள், அடுத்து வெளியே போய் உடனே வாருங்கள், அப்புறம் கொஞ்சம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தை ஏற்றிக்கொண்டே போகாமல் நடுவில் மிகச் சின்னதாகவும் ஒன்றிரண்டு போடுங்கள், இல்லையென்றால் இது வர வரக் கடினமாகிறது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். சாவியை எடுத்தாலே மூச்சிரைக்கிறாளா? அப்படியானால் சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து டிவி பாருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு சமையல் செய்யுங்கள். சாவிக்கும் தனிமைக்கும் இருக்கிற முடிச்சு மெல்ல அவிழும்.

முதல் 40 நிமிடத்தை எட்டுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும், சில நேரம் மாதக்கணக்கிலும். ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக இருக்கப் பழகிய நாய் பொதுவாக நாலு மணி நேரத்தையும் தாங்கிவிடும். ஆனால் பயிற்சி நடக்கிற காலத்தில் அவளை நிஜமாகத் தனியே விடக் கூடாது, எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். காலையில் இரண்டு நிமிடம் பழக்கிவிட்டு, அப்புறம் எட்டு மணி நேரம் விட்டுப் போனால் காலையில் செய்தது வீண். உறவினர், தெரிந்தவர், நாய் பராமரிப்பு இல்லம், யாரையாவது ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும்.

உணவு அடைத்த பொம்மை கொடுக்கலாம், உறைய வைத்துக் கொடுத்தால் நக்கி முடிக்க நேரமாகும். கடலை வெண்ணெய் என்றால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்காததா என்று டப்பாவில் பாருங்கள், அது நாய்க்கு விஷம். தனியாக இருக்கும்போது அவள் அந்தப் பொம்மையைத் தொடாவிட்டால் பீதி வந்துவிட்டது என்று அர்த்தம்.

மழைக்குருவி:
வீடியோ எடுத்தேன், பார்க்கவே முடியவில்லை. நாங்கள் மாடிப்படி இறங்குவதற்குள்ளேயே தொடங்கிவிடுகிறாள், கதவுக்கும் சன்னலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறாள். மாமியார் பகலில் வந்து இருக்கச் சம்மதித்துவிட்டார். மருந்து கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நாய்க்குப் போய் மனநல மருந்தா என்று இருக்கிறது, எந்நேரமும் தூங்கிக்கொண்டே கிடப்பாளோ?

ஆலமரத்தடி:
வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே இந்த நிலை என்றால் மருந்தைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டியதில்லை. குளோமிப்ரமின், ஃபுளுவாக்ஸெட்டின் என்ற இரண்டு மருந்துகளையும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள், முதலாவதை 1998-இல், மற்றதை 2007-இல். தூங்க வைப்பது இவற்றின் வேலை இல்லை, பயிற்சி மண்டையில் ஏறும் அளவுக்குப் பயத்தைத் தணிப்பதுதான். ஆரம்பத்தில் சில நாய்களுக்குச் சோர்வும் பசியின்மையும் இருக்கும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், நடுவில் நீங்களாக நிறுத்தவும் கூடாது. வீட்டில் யாருக்காவது இதே மாத்திரை இருந்தாலும் அதில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், மாத்திரையும் அளவும் கால்நடை மருத்துவர் சொன்னபடிதான்.

அசெப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். அதில் உடம்பு அடங்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

வெள்ளைவால்:
சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடச் சொல்லுங்கள், தொற்று இருந்தாலும் நாய்கள் வீட்டுக்குள் சிறுநீர் போகும். அந்த வீடியோவை அழிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே போனதும் அவள் சமர்த்தாக வாலாட்டிக்கொண்டு நிற்பாள், வீட்டில் நடப்பதை நீங்கள் வாயால் சொன்னால் பாதி பேர் நம்பமாட்டார்கள்.