கர்ப்பத்துலயும் கைக்குழந்தைக்கும் பூச்சித் தொல்லை: உங்களுக்கு என்ன நடந்துச்சு?

மலைக்காட்டு மருமகள்:
ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்ப. ஜவ்வாது மலைப் பக்கம், கொல்லை வேலை, வெறுங்காலு, சொல்லவே வேண்டாம். சாம்பலைக் கண்டா நாக்கு ஊறும். அடுப்புச் சாம்பலை ஒளிச்சு வெச்சுத் தின்பேன். மசக்கைன்னு வீட்டுக்காரர் சிரிப்பார். நர்சம்மா வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க, வெளுத்துக் கிடக்குன்னாங்க. அதோட விடல. திண்ணையில உக்கார வெச்சு, குனிஞ்சு என் கால் விரல் இடுக்கை ஒண்ணொண்ணா விரிச்சுப் பார்த்தாங்க. "இங்க அரிச்சுதா?" அரிச்சுதான் இருந்துச்சு, மாமியார் சேத்துப்புண்ணுன்னு மஞ்சள் பத்து போட்டிருந்தாங்க. ரத்த அளவு, அதான் ஹீமோகுளோபின், ஏழுக்குக் கீழ. கொக்கிப்புழு. வயித்துப் புழு கால் வழியா ஏறும்னு யாருக்குத் தோணும்? அதுக்கு முன்னாடி டவுன்ல காசு கொடுத்துப் பார்த்த டாக்டர் டானிக் எழுதினதோட சரி, செருப்பு போடுவியான்னு கூட கேக்கல. அதான் இன்னும் ஆறல எனக்கு.

கண்மணி அம்மா:
எனக்கு வேற மாதிரி. பையனுக்கு ஒண்ணேகால் வயசு, நல்ல காய்ச்சல். பஸ்ல வாந்தி எடுத்தான், முந்தானையில விழுந்தது நெளியுது. நாக்குப்பூச்சி, உயிரோட. பக்கத்து சீட்டுக்காரம்மா எழுந்து முன்னாடி போயிட்டாங்க. வீட்டுக்கு வந்தா நாத்தனார், "உன் பால்லதான் இறங்கியிருக்கு, நிறுத்து"ங்கறாங்க. நிறுத்தல. அப்புறம் குடற்புழு நீக்க முகாம்ல எனக்கும் பூச்சி மாத்திரை கையில கொடுத்தாங்க, பால் கொடுக்கறேன்னு சொன்னதும் திருப்பி வாங்கிட்டாங்க. அப்போ பால்ல ஏதோ இருக்கா இல்லையா?

ஓய்வுபெற்ற கிராம செவிலியர்:
இல்லம்மா. நாக்குப்பூச்சி பால் வழியா வராது. அதோட முட்டை மண்ணுல ரெண்டு மூணு வாரம் கிடந்து முதிர்ந்தாத்தான் தொத்தும். கை, தரை, கழுவாத காய், இப்படித்தான் பிள்ளை வாய்க்குப் போகும். முகாம் மாத்திரை 1 முதல் 19 வயசு வரைக்கும், அப்புறம் 20லேர்ந்து 30 வரை பொம்பளைங்களுக்கு. அதுல கர்ப்பிணி, பால் கொடுக்கறவங்களைச் சேர்க்கல. அது முகாமோட வரையறை, உன் பால்ல குத்தம்னு அர்த்தம் இல்ல. டாக்டரைத் தனியா பாரு. இன்னொண்ணு, ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு முகாம் மாத்திரை கிடையாது. ஒண்ணு முடிஞ்சு ரெண்டு வரைக்கும் அல்பெண்டசோல் பாதி மாத்திரை, 200 மில்லிகிராம், பொடிச்சுத் தண்ணியில கலக்கித்தான் கொடுக்கணும். முழுசாப் போட்டா தொண்டையில அடைச்சுக்கும். அழுதுட்டு இருக்கறப்ப ஊத்தவே கூடாது. கர்ப்பிணிக்கு முதல் மூணு மாசம் வேண்டாம், அதுக்கு மேல ஒரு முழு மாத்திரை, 400. புழு செத்துட்டா ரத்தம் ஏறிடும்னு இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திடாதீங்க, போன ரத்தத்தை அதுதான் ஈடுகட்டணும். அதை டீயோட முழுங்கவும் கூடாது.
என் அனுபவம்னா, ஒரு வீட்டுல கைக்குழந்தை வெளிக்குப் போனதைக் கழுவின தண்ணியை முருங்கை மரத்தடியில ஊத்தினாங்க. பெரிய பிள்ளை அங்கேயே மண்ணு தோண்டி விளையாடுது. கேட்டா "பச்சப்புள்ளது, அதுல என்னங்க இருக்கு"ன்னாங்க.

ஹட்டன் வாசி:
செருப்பு, செருப்புன்னு லேசா சொல்றீங்க. மழையில வழுக்கற மலையில செருப்போட தேயிலைக் கொழுந்து பறிச்சுப் பாருங்க. எங்க அம்மாயி காலத்துக் கதையே இதுதான். 1916லயே ராக்பெல்லர்ங்கற அமெரிக்க அறக்கட்டளை ஆளுங்க இலங்கையில கொக்கிப்புழுவைப் பிடிக்க வந்தாங்க, தோட்டத்துச் சனத்துக்கிட்டதான் அவ்வளவு புழு. அதுக்கு லயத்துக்கு, அதான் தோட்டத் தொழிலாளிங்க இருக்கற வரிசை வீடுகளுக்கு, கக்கூஸ் கட்டணும், காலைக் குறை சொல்லி என்ன பண்றது? 1994லேர்ந்து இங்க மூணு மாசம் தாண்டின கர்ப்பிணிக்கு மெபெண்டசோல் கொடுக்கறாங்க. எங்க அக்காவுக்கு மிட்வைஃப் மாத்திரையைக் கொடுத்துட்டு வாசல்ல நின்னு, "வாயைத் திற, நாக்கைத் தூக்கு"ன்னாங்க. லயமே வேடிக்கை பார்த்துச்சு. அக்காவுக்கு இப்ப நினைச்சாலும் கோவம் வரும்.

மலைக்காட்டு மருமகள்:
அண்ணே, நான் யாரையும் செருப்பு போடச் சொல்லலையே. கேக்கக் கூட இல்லைன்னுதான் சொன்னேன்.

நாட்டு வைத்தியம் நம்பி:
இதுக்கெல்லாம் எதுக்கு மாத்திரை? வேப்பங்கொழுந்தை மையா அரைச்சு வெறும் வயித்துல சுண்டைக்காய் அளவு. கைக்குழந்தைன்னா வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு நாக்குல. எங்க பாட்டி பத்து பிள்ளை வளர்த்தாங்க.

கிழக்குத் தெரு செல்வி:
நம்பி, அந்த எண்ணெய்ப் பேச்சை முதல்ல அழிங்க. பக்கத்து வீட்டுல கீரிப்பூச்சின்னு நினைச்சு நாலு மாசக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டினாங்க. சொட்டுக் கணக்கெல்லாம் யார் பார்த்தா, சங்குலதான் ஊத்தினாங்க. கொஞ்ச நேரத்துல வாந்தி, அப்புறம் கூப்பிட்டா கண்ணு திறக்கல, வெட்டி வெட்டி இழுத்துச்சு. நான்தான் மடியில வெச்சுட்டு ஆட்டோல போனேன். பெரியாஸ்பத்திரியில முதல் கேள்வியே "வேப்பெண்ணெய் கொடுத்தீங்களா?" பார்த்துப் பழகின கேள்வி அது. பிழைச்சுடுச்சு. அந்தக் குழந்தைக்குப் பூச்சியே இல்ல, டயப்பர் கட்டின இடத்துல தடிப்பு, அதான் அழுதிருக்கு.