இறக்குமதித் தந்தமும் மாமத் தந்தமும் ஒரே தடைக்குள்: இது நியாயமா?

சிற்றுளி
இந்திய யானைத் தந்தத்தை விற்கக் கூடாது என்று 1986-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆப்பிரிக்கத் தந்தம் உரிமம் பெற்று, சுங்கம் கட்டி உள்ளே வந்த சரக்கு. 1991 திருத்தம் அதையும் சேர்த்து மூடியது. ஆறு மாதம்தான் கெடு. 1992 ஏப்ரல் 2 முதல் பட்டறையில் கிடந்த துண்டைக்கூட விற்க வழியில்லை, இழப்பீடும் இல்லை. 2003-இல் பல்ராம் குமாவத் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாமத் தந்தமும் தடைக்குள் வரும் என்றுவிட்டது. சைபீரிய உறைமண்ணில் பல்லாயிரம் ஆண்டு புதைந்து கிடந்த, இனமே அற்றுப்போன விலங்கு அது. அதைத் தடுத்து எந்த யானையைக் காப்பாற்றுகிறோம்?

முல்லைத்திணை
முதுமலையில் நிற்கும் கொம்பனைத்தான். ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே வெளித்தெரியும் தந்தம் உண்டு. அதனால் வேட்டையில் விழுவதெல்லாம் ஆண். கேரளத்தின் பெரியாறு காப்பகத்தில் ஒரு காலத்தில் ஏறத்தாழ நூறு பெண் யானைகளுக்கு ஒரு வளர்ந்த ஆண் என்ற நிலைக்குப் போனது. 1986-க்குப் பிறகு கடையில் இருந்த எல்லாத் தந்தமும் ‘ஆப்பிரிக்கச் சரக்கு’ ஆகிவிட்டது. செதுக்கி மெருகேற்றிய பிள்ளையாரைப் பார்த்து எந்தக் காட்டு யானை என்று சொல்ல யாரால் முடியும்? இறக்குமதி ரசீது ஒன்று, அதைக் காட்டி விற்கும் சரக்கு பத்து. அந்த ஓட்டையைத்தான் 1991-இல் அடைத்தார்கள்.

சிற்றுளி
ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு அது பொருந்தும். மாமத்துக்குப் பொருந்தாது. தந்தத்தைக் குறுக்கே அறுத்து மெருகேற்றி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பாய் முடைந்ததுபோல் இரண்டு வரிசைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். ஷ்ரெகர் கோடுகள் என்பது இவைதான். யானை என்றால் வெட்டும் கோணம் 115 பாகைக்கு மேல் விரிந்திருக்கும், மாமத் என்றால் 90-க்குள் ஒடுங்கும். பல இடங்களில் அளந்து சராசரி எடுத்தால் போதும். போதாக்குறைக்கு மாமத்தின் மேல்பட்டையில் விவியனைட் என்ற நீலக் கனிமம் படிந்து நீலமும் பழுப்பும் ஓடியிருக்கும்.

முல்லைத்திணை
முழுத் தந்தம் கையில் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கடையில் இருப்பது முழுத் தந்தம் இல்லையே. அளக்க வேண்டியது பட்டையை ஒட்டிய வெளிவிளிம்புக் கோடுகளை மட்டும். தந்தத்தின் உள்ளே இருக்கும் நடுக்குழியை நோக்கிப் போகப் போக யானைத் தந்தத்திலும் கோணம் ஒடுங்கும். அங்கே அளந்தால் யானையும் மாமத்தாகிவிடும். செதுக்குபவர் முதலில் சீவி எறிவதே அந்தப் பட்டையைத்தான். நீலக் கறையும் அதோடு போகும், எது விளிம்பு என்ற அடையாளமும் போகும். நெடுக்கே அறுத்த தகட்டில் இந்தக் கோடுகள் வெட்டிக்கொள்வதே தெரியாது. 90-க்கும் 115-க்கும் நடுவில் வந்தால் முடிவே சொல்ல முடியாது. மரபணுச் சோதனைக்குத் துளையிட்டுத் தூள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பாசிமணிக்கும் அதைச் செய்ய முடியுமா? சட்டத்தின் சொல்லையும் பாருங்கள். ‘இந்தியாவுக்குள் இறக்குமதியான தந்தம்’ என்றுதான் இருக்கிறது, ‘யானை’ என்ற சொல் அதில் இல்லை. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

பழம்பொருள்
இடையில் ஒரு நடைமுறைக் கேள்வி. பழைய தஞ்சாவூர் வீணைகளில் குடத்தின் முகப்பிலும் ஓரங்களிலும் தந்த இழைப்பு இருக்கும். எடை பார்த்தால் சில கிராம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தந்தச் சட்டம்கூட, 1975-க்கு முன் செய்த, தந்தம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்த இசைக்கருவியைப் பதிவு செய்து விற்க விடுகிறது. 1947-க்கு முந்தைய மற்ற பொருள் என்றால் 10 விழுக்காடு. இங்கே ஏன் அப்படி இல்லை?

முல்லைத்திணை
இங்கே விழுக்காட்டுக் கணக்கே கிடையாது. விலங்கின் எந்தப் பகுதி சேர்ந்திருந்தாலும் முழுப் பொருளும் அட்டவணைப் பொருள்தான், அதாவது தடைக்குள் வரும் பொருள்தான், என்று அதே சட்டத்தின் 49ஏ பிரிவு சொல்கிறது. உரிமைச் சான்றிதழ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. 2003 திருத்தத்துக்குப் பிறகு வாரிசாக மட்டுமே கைமாறும். வாரிசு 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். அப்பா பெயரில் சான்றிதழ் இருக்கிறதே என்று பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் 30 நாளுக்குள் அங்குள்ள காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 1970-களின் கடை ரசீது சான்றிதழுக்கு ஈடாகாது. பொருள் முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு, வைத்திருப்பவருக்கே. இந்த வணிகத் தடையை மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

சிற்றுளி
மணியிலும் தகட்டிலும் பிரித்தறிய முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் பட்டையோடு வந்த முழு மாமத் தந்தத்துக்கு முத்திரையிட்டு எண் கொடுத்திருக்கலாம். திருவனந்தபுரத்திலும் முர்ஷிதாபாதிலும் தலைமுறையாகச் செதுக்கியவர்கள் ஒட்டக எலும்புக்கும் மரத்துக்கும் இறங்க வேண்டியிருந்திருக்காது. எலும்பில் உளி வைத்தால் சிம்பு தெறிக்கும், நுண்துளைகளில் அழுக்கு ஏறும், தந்தத்தின் வழவழப்பு வராது. தொழில் நுணுக்கமே அழிகிறது. உங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

முல்லைத்திணை
தெரிகிறது. ஆனால் முத்திரை முழுத் தந்தத்தில்தான் நிற்கும், அதை அறுத்த நூறு துண்டில் நிற்காது. ‘கணக்குள்ள சரக்கு மட்டும்’ என்று சைட்ஸே (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) விட்டுப் பார்த்தது. 1999-இல் சுமார் 50 டன் ஜப்பானுக்கு, 2008-இல் 100 டன்னுக்கு மேல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும். கள்ளச் சந்தை வற்றவில்லை. கென்யாவிலிருந்து துபாய்க்குப் போன 359 தந்தங்களைக் கொழும்புத் துறைமுகத்தில் 2012-இல் பிடித்தார்கள். 2016-இல் காலிமுகத் திடலில் வைத்து நொறுக்கினார்கள். முத்திரையும் அடையாள அட்டையும் கொடுத்து நடத்திய சீனாவே 2017 முடிவில் உள்நாட்டு விற்பனையை மூடியது.

பழம்பொருள்
வீணை பழுதுபார்க்கும்போது கழன்று விழும் இழைப்புத் துண்டை என்ன செய்வது?

முல்லைத்திணை
கழற்றும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். துண்டை உறையிலிட்டுச் சான்றிதழோடு வையுங்கள். காலியான இடத்துக்குப் புதுத் தந்தம் தேடாதீர்கள், பிளாஸ்டிக் தகடே போதும். கூலிக்கு ஈடாக அந்தத் துண்டைத் தச்சரிடம் கொடுத்தால் அதுவும் வணிகக் கைமாற்றம்தான்.